யாப்பும் மின்சுற்றும்: பெருமையும் பொருத்தமும்

நேரசையும் நிரையசையும் கணிப்பொறியின் சுழியும் ஒன்றுமே என்றும், மின்சுற்றின் வித்தை நம் யாப்பில் அன்றே அடங்கியிருந்தது என்றும் தமிழ் மேடைகளில் சிலர் கூறுவர். கேட்போர் கைதட்டுவர். ஆயின் இக்கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்தல் ஆசிரியர் கடன்.

முதலில் மெய்யைக் காண்போம். அசை இரண்டு எனக் கொண்டால் ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. இவற்றிற்கெல்லாம் காரிகை வழியில் வாய்பாடும் உண்டு. இரண்டு நிலைகளை அடுக்கினால் தொகை இரட்டித்துச் செல்லும் என்பது இருவிடத்தும் ஒன்றே.

இனி மிகை. தொல்காப்பியர் நேர், நிரை, நேர்பு, நிரைபு என அசை நான்கு கொண்டார். எனவே ‘தொன்று தொட்டு இரண்டே’ என்பது பொருந்தாது. மேலும், வடிவங்களை எண்ணிப் பெயரிடுதல் வேறு. ஒன்றைத் தேடிக் காணுதல் வேறு. வரிசை எண்ணிலிருந்து வடிவையும், வடிவிலிருந்து எண்ணையும் காணும் விதிகள் வடமொழியில் பிங்கலரின் சந்த நூலில் உள. அவையும் கணக்கே, சுற்று அல்ல. மின்விசைகளின் இணைப்பைத் தருக்கக் கணிதத்தால் ஆளலாம் என்பதைத் தெளிவாக நிறுவியது ஷானன் 1937-இல் எழுதிய ஆய்வேடு.

தேடும் சுற்று யாது? சுழிகளின் வரிசையில் முதல் ‘ஒன்று’ எவ்விடத்தில் உள்ளது எனச் சொல்வது அதன் தொழில். தோட்டத்துப் பெரட்டை நினைவிற் கொள்க. பதினாறு நிரைகள், நிரைக்கு ஒரு பால்வெட்டாளர். வந்தவர் சுழி, வராதவர் ஒன்று. மண்டோர் முதல் நிரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தால், பதினாறாவது நிரைக்காரர் வராத அன்று பதினாறு முறை கேட்க வேண்டும். இம்முறையின் சுணக்கம் கற்பனை அன்று. 1985-இல் வந்த இன்டெல் 80386 சில்லில் இத்தேடலுக்குப் பத்துத் துடிப்புகளும், கடந்த சுழி ஒன்றுக்கு மூன்று துடிப்புகளும் செலவாயின.

விரைவான வழி வேறு. இரண்டிரண்டு நிரைகளுக்கு ஒருவர் நின்று, எட்டுப் பேரும் ஒரே வேளையில் பார்க்கட்டும். அவர் சொல்லை நான்கு நிரைக்கு ஒருவரும், பின் எட்டு நிரைக்கு ஒருவரும் கேட்டு, இறுதியில் மண்டோர் கேட்கட்டும். முற்பாதியில் வராதவர் உண்டேல் ‘நேர்’ என்றும், அங்கு இல்லாது பிற்பாதியில் உண்டேல் ‘நிரை’ என்றும் ஒவ்வொருவரும் கீழிருந்து வந்த விடையின் முன்னே ஓர் அசையைச் சேர்ப்பர். எவரும் விடுபடவில்லையேல் அதனையும் தனியே அறிவிப்பர். பதினொன்றாம் நிரைக்காரரே முதலில் விடுபட்டவர் எனின், விடை நேர், நிரைநேர், நேர்நிரைநேர் என வளர்ந்து, நான்காம் படியில் நிரைநேர்நிரைநேர் ஆகும். அதன் வாய்பாடு ‘புளிமாநறும்பூ’! பதினாறுக்கு நான்கு படி. அறுபத்து நான்கிற்கும் ஆறே படி. இவ்விரைவுக்கு விலை உண்டு: ஆளும் கம்பியும் மிகுதியாக வேண்டும். விரைவையும் விலையையும் நிறுத்துப் பார்ப்பதே சுற்று வகுப்போர் திறம்.

செய்யுளில் அருகியே வரும் நாலசைச்சீர், இங்கே இடத்தைச் சுட்டும் பெயராக நிற்கிறது. யாப்பு சுற்றைக் கண்டுபிடிக்கவில்லை. சுற்றை விளங்கச் செய்ய யாப்பு உதவுகிறது. முன்னது பெருமிதம்; பின்னது பயன்.

இது வெறும் சொற்போர் அன்று. கடாரம் எனப் பழந்தமிழர் அறிந்த கெடாவில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த கூலிமில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2006-இல் இன்ஃபினியன் அங்கே சில்லு ஆலை தொடங்கியது. 2024-இல் புதிய ஆலையின் முதற்கட்டத்தையும் திறந்தது. பால்வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் அவ்வாயில்களைக் கடந்து செல்லும் காலம் இது. ‘எல்லாம் நம்மிடம் இருந்தது’ எனக் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கற்க என்ன மிஞ்சும்? மலேசியப் பள்ளிகளில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன. 2012 முதல் அம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. தமிழ்ப்பள்ளிக்கு அப்பாடங்கள் தமிழில் மீண்டன. மீண்டதைக் காப்பது முழக்கம் அன்று, விளக்கம்.

கலைச்சொல்லிலும் இக்கருத்து வேண்டும். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘முன்னுரிமைக் குறியாக்கி’ என்றால், யாருக்கு என்ன உரிமை எனப் பிள்ளை திகைக்கும். ‘முதலொன்று காட்டி’ என்றால் செயல் பெயரிலேயே விளங்கும்.

சீர் வாய்பாட்டை மனனம் செய்யவைக்கும் ஆசிரியர், ஒருநாள் கரும்பலகையில் பதினாறு நிரைகளை வரைந்து பார்ப்பாராக. வாய்பாடும் மறவாது, சுற்றும் விளங்கும். தமிழின் பெருமையை அவ்வகுப்பில் தனியே சொல்லவேண்டிய தேவை இராது.