அட்டிலும் அகப்பொருளே

பெரும்பொருளைப் பாடினால்தான் பேரிலக்கியம் தோன்றும் என்பது பலர் மனத்தில் வேரூன்றிய கருத்தாகும். போரும் புரட்சியும், வறுமையும் பிரிவும் எழுதத்தக்க பொருள்கள். அடுப்பும் அகப்பையும், கணவனும் மனைவியும் கூடிச் சுடும் பலகாரமும், விடுமுறை நாளில் இருவரும் மேற்கொள்ளும் சிறு பயணமும் எழுதத் தகாதவை என்று மாணவர் எண்ணுகின்றனர். ஆசிரியருள்ளும் அவ்வாறு எண்ணுவோர் இலர் என்று சொல்வதற்கில்லை. இல்வாழ்க்கையின் சிறுபொழுதுகள் தமிழ் இலக்கியத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளன, மலேசியத் தமிழ்ப் படைப்பில் அவை இனி எத்தகைய இடத்தைப் பெறவேண்டும் என்பன ஆராயத்தக்கன.

ஆய்வுக்கு முன், கண்முன்னே உள்ள வாழ்க்கை ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் பெற்ற கிள்ளான் துறைமுகம், தமிழர் பலர் இந்நாட்டில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த இடங்களுள் ஒன்று. இன்று அங்கே கொள்கலன்கள் இரவும் பகலும் ஏறி இறங்குகின்றன. இரவு முறை வேலை முடித்துக் கணவன் வீடு திரும்பும் வேளையில், மனைவி கொமுட்டர் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் புறப்படும் இல்லங்கள் அங்கு உண்டு. அத்தகைய இல்லம் ஒன்றில் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவு மட்டும் இருவருக்கும் ஓய்வு வாய்க்கிறது எனக் கொள்ளலாம். மின்னடுப்பில் கேக் வேகிறது. எண்ணெய்ச் சட்டியில் அச்சு முறுக்கு பொரிகிறது. மலாய் அண்டைவீட்டார் 'கூவே ரோஸ்' என வழங்குவதும் ஏறத்தாழ இதே பலகாரம்தான். கணவன் அச்சை மாவில் முழுவதும் அமிழ்த்திவிடுகிறான். முறுக்கு அச்சைவிட்டுக் கழல மறுக்கிறது. அச்சின் விளிம்பு மூழ்காமல் தோய்க்கவேண்டும் என்று மனைவி காட்டிக்கொடுக்கிறாள். இதற்கிடையே கேக்கின் அடி கருகிவிடுகிறது. இருவரும் நகைக்கின்றனர்.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று வினவலாம். இவ்வினாவிற்கு விடை கூறத்தக்கவர்கள் சங்கப் புலவர்களே ஆவர்.

உண்டவனும் கண்டவனும்

குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. மணமுடித்துச் சென்ற மகளின் மனைக்குப் போய்வந்த செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கின்றாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொண்டு, அவ்வாடையை மாற்றவும் பொழுதின்றி, தாளிப்பின் புகை கண்ணில் படிய, இளமனைவி தானே புளிக்குழம்பு சமைக்கின்றாள். கணவன் அதனை இனிது என்று உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. பாடலின் நிகழ்ச்சி இவ்வளவே. இதில் போர் இல்லை, பிரிவு இல்லை, கண்ணீர்கூட இல்லை. ஆயினும் ஒரு பெண்ணின் இல்வாழ்க்கை நிறைவுற்றது என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. நகையையும் மாளிகையையும் செவிலி பேசவில்லை; அழுக்கான ஆடையையே பேசுகின்றாள். அவ்வழுக்கே இங்கு அணியாகின்றது.

நற்றிணையின் 120ஆம் பாடலில் மாங்குடி கிழார் காட்டும் அடுக்களை வேறு. அங்கே மனைவி கணவன்மீது ஊடல் கொண்டிருக்கின்றாள். விரல் சிவக்க வாளை மீனை அரிந்து, புகையுண்ட கண்களோடு சமைத்து, நெற்றியில் அரும்பிய வியர்வையை முன்றானையால் துடைக்கின்றாள். விருந்தினர் ஒருவர் வந்தால் அவள் சினம் மறைந்து சிறுநகை தோன்றும். அம்முகத்தைத் தானும் காணலாம் என்று கணவன் ஏங்குகின்றான்.

இவ்விரு பாடல்களிலும் புகையும் உண்டு. புகையால் வருந்திய கண்ணும் உண்டு. ஆயினும் அக்கண்ணைக் கண்டவர் யார் என்பதில் வேறுபாடு அமைந்துள்ளது. குறுந்தொகையில் புகையைக் கண்டவள் செவிலி. கணவன் சுவையை மட்டுமே அறிகின்றான். நற்றிணையிலோ புகையையும் வியர்வையையும் சிவந்த விரலையும் கணவனே காண்கின்றான். முன்னவன் உண்டவன், பின்னவன் கண்டவன். எனினும் கண்டவனும் அட்டிலின் வாயிலைக் கடக்கவில்லை. அவளுடைய உழைப்பில் பங்குகொள்ள அவன் எண்ணவில்லை; விருந்தினர் வரவை எண்ணியே காத்திருக்கின்றான். பாடலின் அழகைப் போற்றும் ஆசிரியர் இவ்வுண்மையையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். பழமையைப் போற்றுதல் வேறு. பழமையின்முன் கண்ணை மூடிக்கொள்ளுதல் வேறு.

ஒருவேளை உணவும் ஒரு நகரின் அழிவும்

இல்லறச் சிறுநிகழ்ச்சியின் ஆற்றலை முற்றும் உணர்ந்த காப்பியப் புலவர் இளங்கோவடிகள். புகாரில் கோவலனும் கண்ணகியும் தனிமனையில் வாழ்ந்த நாள்களை மனையறம்படுத்த காதை கூறும். அங்கே கோவலன் தன் மனைவியை உவமைமேல் உவமை அடுக்கிப் பாராட்டுகின்றான். சொல் மிகுதி, ஆனால் அவள் சமைத்ததையோ அவன் உண்டதையோ அக்காதை காட்டவில்லை. அவ்வளவு பாராட்டிய கோவலனே பின்னர் மாதவியிடம் சென்றான் என்பது கருதத்தக்கது.

செல்வம் இழந்து மதுரை நோக்கி நடக்கையில்தான் அவர்கள் உண்மையான துணைவர் ஆகின்றனர். புகாரைவிட்டுச் சிறிது தொலைவே நடந்த நிலையில், மதுரை எது என்று கண்ணகி வினவுகின்றாள். முப்பது காதம் என நேரே கூறினால் அவள் அஞ்சுவாள் என்று கருதிய கோவலன், ஆறும் ஐந்தும் எனப் பிரித்துப் பொருள்படுமாறு தொலைவைச் சொல்லி, அண்மையில்தான் உள்ளது என நகைக்கின்றான். வழிநடைக் களைப்பில் கணவன் மனைவிக்குச் சொன்ன இச்சிறு பொய்யில் உள்ள அன்பு, புகாரில் அடுக்கிய உவமைகளில் இல்லை.

மதுரையில், மாதரி அளித்த எளிய மனையில், கண்ணகி சமைக்கின்றாள். காய்களை அரிந்த மெல்விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டுகின்றாள். கண்ணகி நிலத்தில் நீர் தெளித்து, வாழையிலை விரித்து, கணவனை உண்பிக்கின்றாள். உண்டபின் கோவலன் பேசும் பேச்சில் உவமை அடுக்கு இல்லை, கழிவிரக்கமே உண்டு. பெற்றோர் படும் துயரையும், தான் செய்த பிழையையும், அழைத்தவுடன் எழுந்துவந்த அவள் பெருமையையும் எளிய சொற்களால் கூறுகின்றான். பின்னர்ச் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றான். அவன் திரும்பவில்லை.

இக்காதைக்குக் கொலைக்களக் காதை என்று பெயர். கொலை நிகழும் காதையில் சமையலுக்கு இத்தனை அடிகள் எதற்கு என்று கேட்பவன் காப்பியத்தை உணராதவன். அந்த உணவு இல்லையேல், கண்ணகி இழந்தது இன்னதென்று கற்போர் அறிய இயலாது. வழக்குரைத்த சொல்லின் வெம்மையும் மதுரையை எரித்த தீயின் வெம்மையும், ஐயை மூட்டிய அந்தச் சிறு வைக்கோல் தீயிலிருந்தே பிறக்கின்றன எனலாம். பெரும்பொருளுக்கு வேராக நிற்பது சிறுபொருளே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் அரிது.

விளக்கும் சுவரும்

தற்கால இலக்கியத்தில் இல்லறத்தை விரிவாகப் பாடியவர் பாரதிதாசன். 1942 முதல் 1950 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த குடும்ப விளக்கு, தங்கம் என்னும் இல்லத்தரசியின் ஒருநாள் நிகழ்ச்சியில் தொடங்கி முதியோர் காதலில் முடிகின்றது. வைகறை முதல் இரவு வரை ஒரு பெண் செய்யும் வேலைகளே பாட்டுக்குப் பொருளாகும் என்று காட்டியது அந்நூலின் சிறப்பு. உடல் தளர்ந்த பின்னும் தளராத அன்பைப் பாடும் இறுதிப் பகுதி தமிழுக்குக் கிடைத்த அரிய செல்வம். எனினும் முதற்பகுதியைக் கற்கும் இன்றைய மாணவி ஒருத்தி, விளக்கு எரிகின்றது, எண்ணெய் வார்ப்பவர் யார் என்று கேட்டால், அவ்வினாவை அடக்கிவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று.

அவ்வினாவை வெளிப்படையாக எழுப்பிய கதை அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அப்பெயர் கொண்ட தொகுதி 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரிய வீட்டின் ஓரத்தில், ஒளி குன்றிய ஓர் அறையில், பெண்களின் ஆயுள் கழிகின்றது. மருமகள் கூறிய சிறு யோசனையும் ஏற்கப்படுவதில்லை; மாறாக, கண்முன் தெரிந்த மலைகளையும் கொடியில் உலர்த்திய துணிகள் மறைத்துவிடுகின்றன. சங்கப் புலவர் புகையினூடே மலர்ந்த முகத்தைக் கண்டனர். அம்பை அப்புகை வெளியேற வழியில்லாத சுவரைக் கண்டார். இரண்டும் உண்மையே. ஒன்றைக் கற்பித்து மற்றொன்றை மறைத்தால் இல்லறம் பற்றிய அறிவு குறைபட்டதாகவே இருக்கும்.

மலேசியப் படைப்பாளர் கடமை

இந்நாட்டில் தமிழ்ச் சிறுகதைக்குப் பயிற்சிக்களமாக விளங்கியது, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950ஆம் ஆண்டளவில் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு. 1924இல் தோன்றிய அந்நாளிதழ் 2019இல் நின்றுபோயிற்று. அது வளர்த்த எழுத்து நிற்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' முதலிய நாவல்கள் இச்சமுதாயம் கடந்துவந்த கொடுமைகளைப் பதிவு செய்தன. தோட்டத்துத் துயரை எழுதிய கதைகளோ பல. அவை எழுதப்பட்டே ஆகவேண்டியவை. அவற்றின் மதிப்பை யாரும் குறைத்துரைக்க இயலாது.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. லயன் வீட்டில் துயருற்றவர்கள் அதே வீட்டில் சமைத்தும் உண்டனர். பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய கணவனும் மனைவியும் ஒரு கோப்பை வரக்காப்பியைப் பகிர்ந்தும் பருகினர். அழுததை மட்டும் எழுதி, நகைத்ததை எழுதாமல் விட்டால், பெயரர்கள் தம் பாட்டன் பாட்டியரைப் பாதி மட்டுமே அறிவர். துன்பத்தை ஆற்றிய வலிமை எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கு விளங்காமலே போய்விடும்.

பயணத்தின் நிலையும் இதுவே. பழம்பாடல்களில் காதலர் இருவரும் சேர்ந்து செல்லும் துணிவான பயணம் உடன்போக்கு. மணத்திற்குப் பின்னரோ பொருள்தேடிச் செல்பவன் பெரும்பாலும் தலைவன் மட்டுமே. தலைவி வழிபார்த்து வீட்டில் இருப்பாள். இன்றைய இல்லத்தில் அந்நிலை மாறியுள்ளது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறி நண்டுத் தீவு எனப் பொருள்படும் புலாவ் கெத்தாமுக்குச் சென்று, மிதிவண்டி வாடகைக்கு எடுத்து, கம்பங்கள்மேல் நிற்கும் சீன மீனவர் வீடுகளிடையே வழிதவறி, மாலைப் படகைப் பிடிக்க விரையும் தம்பதியர்க்கு அது ஒரு சிறு உடன்போக்கே ஆகும். அப்படகு செல்லும் வழியெங்கும் அடர்ந்துள்ள அலையாத்திக் காடு, நெய்தல் பாடல்களில் வரும் கண்டலை நினைவூட்டவல்லது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய நெய்தல் திணை கண்ணெதிரே விரிந்திருக்க, எழுதப் பொருளில்லை என்று வருந்துதல் பொருந்தாது.

பொருள் சிறிதாயின், எழுதும் முறையில் பொறுப்பு பெரிது. இனிய இல்லறம் என்று முழங்கும் அடைமொழியால் பயனில்லை. விரலைத் துடைத்த ஆடை, வைக்கோல் தீ, தொலைவைக் குறைத்துச் சொன்ன நகைப்பு ஆகியன போன்ற உண்மை விவரங்களே கற்போர் நெஞ்சில் நிற்பன. அச்சு முறுக்கின் கதையை எழுதுவோர், அச்சை எந்த அளவு மாவில் தோய்க்கவேண்டும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அதனைக் கணவனுக்குக் கற்றுக்கொடுக்கையில் மனைவியின் குரலில் எழும் உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும். இரவு முறை வேலையின் களைப்போடு அவன் ஏன் அடுக்களைக்கு வந்தான் என்பதையும் மறைத்தல் கூடாது. அன்பால் வந்தானா, கடமை உணர்ந்து வந்தானா, அவள் சலிப்பைக் கண்டு அஞ்சி வந்தானா என்பதில்தான் கதையின் உயிர் இருக்கின்றது.

குறுந்தொகைத் தலைவன் உண்டான். நற்றிணைத் தலைவன் கண்டான். கோவலன் காலங்கடந்து வருந்தினான். புகைக்கு நடுவே மனைவியோடு உடன்நின்ற கணவனைத் தமிழ் இலக்கியம் இன்னும் போதிய அளவு கண்டிலது. இன்றைய இல்லங்களில் அவன் உருவாகிக்கொண்டிருக்கின்றான். சில இல்லங்களில் அவன் வாயிலிலேயே தயங்கி நிற்கின்றான். நின்றவனையும் தயங்குபவனையும் ஒருசேர எழுதும் பணி மலேசியத் தமிழ் எழுத்தாளர்க்குக் காத்திருக்கின்றது. வகுப்பறையில் 'என் வீடு' என்னும் தலைப்பைக் கட்டுரைக்குத் தரும் ஆசிரியர், அடுக்களையில் நேற்றிரவு யார் யார் இருந்தனர் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். அவ்விடைகளிலிருந்து தோன்றும் ஒரு கதை, செவிலி கூறாத செய்தி ஒன்றைத் தமிழுக்குக் கூறக்கூடும்.