மாய நகரும் மாந்தர் விருப்பும்

நகரை அமைப்போர், அதில் வாழ்வோரின் விருப்பை அறிந்தே அமைத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். அவ்விருப்பை அறியும் வழி யாது என்பதே வினா. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றின் பொருட்டுக் கெவின் லிஞ்ச் என்பார், பொஸ்ரன், ஜேர்சி நகர், லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்தோர் சிலரைத் தம் நகரை நினைவிலிருந்து வரைந்து காட்டச் செய்தார. இக்காலத்து ஆய்வாளரோ, கண்ணை மறைக்கும் கருவியொன்றை அணிவித்து, இன்னும் எழாத தெருவினுள்ளே மக்களை உலாவ விடுகின்றனர். மரம் நிறைந்த தெருவும் மரமற்ற தெருவும் மாறிமாறித் தோன்றும். இனியது எதுவென அவர் கூறுவர். இது மெய்நிகர்க் காட்சி முறை எனப்படும்.

இம்முறையின் நன்மை சிறிதன்று. வரைபடம் படிக்க அறியாதவரும் தெருவைக் கண்டு தீர்ப்புக் கூறலாம். முயற்சியும் முற்றிலும் புதியதன்று. 1970களிலே கலிபோர்ணியாவின் பேர்க்லியில் டொனால்ட் அப்பிள்யாட், கெனெத் கிறெய்க் என்போர், சிற்றுருவ நிலக்காட்சியொன்றினூடே படக்கருவியைச் செலுத்திப் படம் பிடித்தனர். அப்படத்தைக் கண்டோர் கருத்தையும், அவ்வழியே மெய்யாக வண்டியிற் சென்றோர் கருத்தையும் ஒப்புநோக்கினர். மாயத்தை மெய்யோடு உரைத்துப் பார்த்த அந்நேர்மை இன்றும் போற்றத்தக்கது.

ஆயினும் குறைகள் இரண்டுள. நம் இலக்கணநூலார் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என்றனர். மெய்நிகர்க் காட்சி நிலத்தைத் தருகின்றது. வாழ்ந்து கழிக்கும் பொழுதைத் தருவதில்லை. சில நிமிடம் நோக்குவோர் நிழலின் அழகைக் காண்பர். நண்பகலிற் சுமையுடன் நடப்போர்க்கு அந்நிழல் எத்தகையதென உணரார். 1984இல் றோஜர் உல்றிச் வெளியிட்ட ஆய்வு, பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரைப் பற்றியது. யன்னலூடே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைவில் வீடு திரும்பினர். அங்கு அளக்கப்பட்டது விருப்பன்று; மரத்தருகே கழிந்த நாள்களின் பயன்.

மற்றைய குறை இதனினும் பெரிது. காட்சிகளைத் தெரிந்து அமைப்பவர் ஆய்வாளரே. இரு பூங்காக்களுள் ஒன்றைத் தேர்க என்றால், தூய குடிநீரை வேண்டுவோர் அதனை எங்ஙனம் சொல்வர்? லிஞ்ச் கொடுத்த வெறுந்தாளில் நகரத்தார் தாமே பேசினர். கருவியினுள்ளோ காட்டியதற்கு விடை மட்டுமே பகர்கின்றனர். விடை பகர்தல் வேறு, விருப்பம் உரைத்தல் வேறு.

ஆதலின் முதலில் மக்களைப் பேச விடுக. பின்னர்க் காட்சியைக் காட்டுக. இறுதியில் அவருடன் தெருவில் நடந்து பார்க்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நகரமைப்போரும் மறவாதிருக்கத் தக்க பழமொழியாகும்.