'விக்கல்' என்ற சரியான பெயர்: 'ஹிச்கி' படமும் வந்து போகும் டிக்ஸும்

'ஹிச்கி' படத்தை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். 2018 மார்ச்சில் வந்த இந்திப் படம். சித்தார்த் பி. மல்ஹோத்ரா இயக்கம், யஷ் ராஜ் தயாரிப்பு. டூரெட் சிண்ட்ரோம் உள்ள நைனா மாத்தூர் என்ற பெண் (ராணி முகர்ஜி), ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிற கதை. அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹன் தன் வாழ்க்கையைச் சொன்ன 'ஃப்ரண்ட் ஆஃப் த கிளாஸ்' புத்தகம்தான் இதற்கு மூலம்.

சினிமா விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை நான். திருமுல்லைவாயலில் வீடு, மென்பொருள் வேலை, படித்தது பி.இ. படத்தைப் பார்த்ததற்குக் காரணம் என் பையன். ஆறு வயதில் அவனுக்குக் கண் சிமிட்டல் ஆரம்பித்தது. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடி மூடித் திறப்பான். அது போய் மூக்கை உறிஞ்சுவது வந்தது. அப்புறம் கொஞ்ச மாதம் ஒண்ணுமே இல்லை. திரும்ப வந்தபோது தோளைக் குலுக்குவதும் தொண்டையைச் செருமுவதுமாக வந்தது. இப்போது அவனுக்கு பதிமூன்று.

படத்தில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை பேசும் வியாதி என்று ஹாலிவுட் பரப்பிய கேலியை இந்தப் படம் தொடவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மைதான். டிக் இருப்பதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்பதையும், பெற்ற அப்பாவே மகளை நினைத்துக் கூசுவதையும் நேர்மையாகக் காட்டுகிறார்கள். பதற்றத்தில் டிக் கூடும் என்பதும் சரி.

என் குறை வேறு. படத்தில் நைனாவின் டிக் மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு நிரந்தர அடையாளம். முதல் காட்சியில் எந்தச் சத்தமோ கிட்டத்தட்ட அதே சத்தம்தான் கடைசி வரைக்கும். கதைக்குத் தேவையான இடத்தில் கூடுகிறது, தேவை முடிந்ததும் அடங்குகிறது. காரணமே இல்லாமல் மூன்று வாரம் காணாமல் போவதில்லை. ஒன்று போய் வேறொன்றாகத் திரும்பி வருவதும் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் டிக் இருக்கும் விதமே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், படத்தின் பெயருக்கு இது தெரிந்திருக்கிறது. ஹிச்கி என்றால் விக்கல். விக்கல் வந்தால் நம்ம வீட்டில் என்ன செய்வோம்? தண்ணி குடி என்போம். சர்க்கரையை வாயில் போடுவோம். யாரோ நினைக்கிறாங்க என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்போம். பின்னாலிருந்து பயமுறுத்துவோம். எப்படியும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கும்போது எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குத்தான் பெயர் போய்ச் சேரும்.

டிக் விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான். கண் சிமிட்டல் உச்சத்தில் இருந்தபோது கண் டாக்டரிடம் போனோம், சொட்டு மருந்து கொடுத்தார், ரெண்டு வாரத்தில் குறைந்தது. சொட்டு மருந்து நல்ல மருந்து என்று ஆனது. மூக்கு உறிஞ்சல் வந்தபோது அலர்ஜி சிரப். அதுவும் 'கேட்டது'. தோள் குலுக்கல் வந்தபோது அம்மா வட திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோவிலில் வேண்டிக்கொண்டு வந்தார்கள். அதுவும் பலித்தது. அடுத்த முறை நான் திட்டினேன். "டேய், இனிமே பண்ணின, அவ்ளோதான்" என்று நல்லா சத்தமாகவே. நாலு நாளில் குறைந்தது. திட்டினால் கேட்கிறான், அப்போ வேணும்னேதான் பண்றான் என்று முடிவுக்கு வந்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தொழிலில் இதை உடனே கண்டுபிடித்திருப்பேன். சில பிழைகள் எப்போதாவதுதான் தலைகாட்டும். நாலு பேர் நாலு இடத்தில் கோடை மாற்றுவார்கள், பிழை தானாக மறையும், கடைசியாக மாற்றியவன் "சரி பண்ணிட்டேன்" என்று மெயில் போடுவான். அடுத்த மாதம் அதே பிழை திரும்ப வரும். ஏறி இறங்கும் எதையும் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கவனிக்கிறோம், அப்போதுதான் வைத்தியமும் பார்க்கிறோம். உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான். புள்ளியியலில் இதற்கு 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். பத்து வருஷமாக ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன், சொந்தப் பையன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 1998-இல் ஜேம்ஸ் லெக்மனும் அவருடைய யேல் குழுவினரும் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டூரெட் உள்ள 36 பேரின் முதல் இருபது வருஷக் கதை. டிக் ஆரம்பித்த சராசரி வயது 5.6. மிக மோசமாக இருந்த வயது சராசரியாக 10. பதினெட்டு வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிக் இல்லாத நிலை. இந்தப் பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் சின்ன ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஒரு நிமிஷத்துக்குள் கொத்துக் கொத்தாக வரும், அந்தக் கொத்துகள் சில மணி நேரங்களில் குவியும், அந்தக் குவியல்கள் சில வாரங்களில் குவியும். கடல் அலையும் வேலியேற்ற வற்றமும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பது மாதிரி. அதனால் "இந்த வாரம் குறைஞ்சிருக்கு" என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அப்படியென்றால் 'வளர்ந்தா போயிடும்' என்று பெரியவர்கள் சொல்வது சரிதானே? இங்கேதான் எனக்கு அடுத்த விமர்சனம் இருக்கிறது, அது படத்தின் மேல் இல்லை, நம் எல்லோர் மேலும். 2003-இல் 'நியூராலஜி' இதழில் பாப்பர்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இது. சிறு வயதில் வீடியோ எடுக்கப்பட்ட 31 பேரை இருபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி வீடியோ எடுத்தார்கள். 90 சதவீதம் பேருக்கு டிக் இன்னும் இருந்தது. அளவில் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. 'எனக்கு இப்போ டிக் இல்லை' என்று சொன்னவர்களிலும் பாதிப் பேரிடம் கேமரா டிக்கைக் காட்டியது.

முந்தைய ஆய்வில் பாதிப் பேருக்கு இல்லை, இதில் 90 சதவீதம் பேருக்கு இருக்கிறது. முரண்பாடு மாதிரித் தெரியும். வாயால் கேட்டால் ஒரு பதில், கேமரா வைத்துப் பார்த்தால் வேறு பதில். புதிதாக டிக் ஆரம்பித்த பிள்ளைகளிடமும் இதே கதைதான். பழைய மருத்துவக் கையேட்டில் ஒரு வருஷத்துக்கும் குறைவான டிக்குக்கு 'தற்காலிக' டிக் என்று பெயர் இருந்தது. 2013-இல் டி.எஸ்.எம்-5 வந்தபோது அதை 'இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம்' என்ற பொருள்படும் பெயராக மாற்றினார்கள். செயிண்ட் லூயிஸில் கெவின் பிளாக்கின் குழு அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2019-இல் எழுதியது: ஒரு வருஷம் கழித்தும் அத்தனை பேருக்கும் டிக் இருந்தது. சிலருக்கு, அறையில் தனியாக விட்டு வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆக, 'மாறவே மாறாது' என்று படம் சொல்வதும் சரியில்லை, 'சுத்தமாப் போயிடும்' என்று ஊர் சொல்வதும் சரியில்லை. பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்ல, தொந்தரவு இல்லாத அளவுக்குக் குறைகிறது. அதுவே பெரிய ஆறுதல்தான். ரெண்டு பொய்க்கும் விலை கொடுப்பது பிள்ளைகள். முதல் பொய் பயமுறுத்துகிறது. ரெண்டாவது பொய், அது திரும்பி வரும்போது 'உன் தப்புதான்' என்று சொல்ல வைக்கிறது.

அடக்க முடியும் என்பது உண்மை. தும்மலை அடக்குவது மாதிரி, கொஞ்ச நேரத்துக்கு. வகுப்பில் அடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து விடுகிற பிள்ளைகள் உண்டு. டீச்சர் "இங்க நல்லாத்தானே இருக்கான்" என்பார், நாம் "அப்போ வீட்ல நடிக்கிறியா?" என்போம். தொந்தரவு அதிகம் என்றால் வழி இருக்கிறது. டிக் வரப்போகும் உணர்வைக் கண்டுகொண்டு அதற்கு எதிரான அசைவைப் பழகும் பயிற்சி ஒன்று உண்டு. 2010-இல் 'ஜாமா' இதழில் 126 பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்த முடிவு வந்தது: பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ஒப்பீட்டுக் குழுவில் 18.5. ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று இருந்ததால்தான் இந்த எண்ணை நம்புகிறேன். சொட்டு மருந்துக்கும் என் திட்டுக்கும் அப்படி ஒன்று இல்லை.

இதையெல்லாம் படித்த வேகத்தில் நானும் டேட்டா எடுக்கத் தொடங்கினேன். தினமும் ராத்திரி சாப்பிடும்போது பத்து நிமிஷம், எத்தனை தடவை என்று மனதுக்குள் எண்ணி ஒரு ஷீட்டில் போடுவேன். ஏழு வாரம் ஓடியது. ஒருநாள் பையன் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "அப்பா, நீங்க என்னையே பாக்கறீங்க. நீங்க பாத்தா இன்னும் வருது." டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் கூடும் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். அதைப் படித்தும் இருந்தேன். ஷீட்டை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. எனக்கும் சின்ன வயதில் இது இருந்தது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து நான் கழுத்தை வெட்டுவதைப் பார்த்தால் தலையில் ஒரு தட்டு தட்டுவார். பத்தாவது படிக்கும்போது நின்றுவிட்டது, அப்பா தட்டித்தான் நின்றது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆபீஸ் மீட்டிங் ஒன்றின் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டி வந்தது. நாற்பது நிமிஷப் பதிவு. மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம். நான் பேசாத நேரத்தில் கழுத்து லேசாக இடது பக்கம் வெட்டுகிறது. எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் நிறுத்திக்கொண்டேன்.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "இது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "யாரும் சொல்லலையா?" இல்லை என்றேன். "அப்போ பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

'ஹிச்கி'யில் நான் தேடியது அப்படி ஒரு காட்சியைத்தான். நைனா டிபன் சாப்பிடுகிறாள், டிக் ஒரு தடவை வருகிறது, போகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சட்னியை நகர்த்தி வைக்கிறார்கள். பின்னணி இசை எதுவும் வேண்டாம்.