தி ஷாஷாங்க் ரிடெம்சன்: ஆக்கச்செலவும் வசூலும்

பிராங்க் டாராபான்ட் இயக்கத்தில் 1994ஆம் ஆண்டு வெளியான தி ஷாஷாங்க் ரிடெம்சன், ஸ்டீபன் கிங்கின் குறுநாவலைத் தழுவிய அமெரிக்க நாடகத் திரைப்படமாகும். இதன் ஆக்கச்செலவு சுமார் 2.5 கோடி டாலர். திரையரங்க வசூல் ஏறத்தாழ 2.8 கோடி டாலர்.

இவ்விரு எண்களை மட்டும் பார்ப்பவர்கள் படம் சிறு இலாபம் ஈட்டியதாகக் கருதக்கூடும். அது சரியன்று. வசூலில் கணிசமான பங்கு திரையரங்குகளுக்குச் செல்கிறது. விளம்பரச் செலவும் படப்பிரதிகளின் செலவும் ஆக்கச்செலவில் சேர்வதில்லை. எனவே திரையரங்க அளவில் இது தோல்விப் படமே. முதல் வெளியீட்டில் கிடைத்தது சுமார் 1.6 கோடி டாலர் மட்டுமே. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற பின், 1995இல் மீண்டும் திரையிடப்பட்டதால்தான் எஞ்சிய தொகை வந்தது. விருது ஒன்றும் கிடைக்கவில்லை.

பொருள் விளங்காத தலைப்பு, சிறைக்களம், முதன்மைப் பெண் கதாபாத்திரம் இல்லாமை ஆகியவை தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பல்ப் ஃபிக்சன், ஃபாரஸ்ட் கம்ப் ஆகிய படங்களும் அப்போது திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்ல படம் தானாகவே மக்களைச் சென்றடையும்" என்பதற்கு இப்படத்தைச் சான்றாகக் காட்டுவதும் முழு உண்மையன்று. தோல்விக்குப் பின்னரும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் சுமார் 3,20,000 ஒளிநாடாக்களை வாடகைக் கடைகளுக்கு அனுப்பியது. 1997 முதல் டி.என்.டி. தொலைக்காட்சி இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. படத்தின் தரம் பார்வையாளரைத் தக்கவைத்தது. ஆனால் அவர்களிடம் அதைக் கொண்டு சேர்த்தது வினியோகமே. வசூல் எண் இவ்விரண்டையும் காட்டுவதில்லை. அது முதல் சில மாதங்களின் கணக்கு மட்டுமே.