கழற்றலாம், அறுக்கக் கூடாது: இரண்டு ஆர்எக்ஸ் 100, இரண்டு மதிப்பு

போர்ஷே 911, டொயோட்டா சுப்ரா என்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேர்க்கிறவர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: வண்டியில் செய்த மாற்றம் நாளைக்கு அதன் விலையைக் கூட்டுமா, குறைக்குமா? தமிழ்நாட்டில் அதே கேள்வியைத் தெருவுக்குத் தெரு கேட்க வைக்கும் வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா தயாரிக்கத் தொடங்கி, 1996-ல் நிறுத்தியது. நிறுத்தி முப்பது ஆண்டாகியும் நல்ல நிலையில் உள்ள வண்டி லட்ச ரூபாயைத் தாண்டிக் கைமாறுகிறது.

திருவண்ணாமலையில் இரண்டு ஆர்எக்ஸ் 100 வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் நிற்பது. மற்றது இன்ஜின் முதல் பின்சீட் வரை மாற்றியது. இரண்டும் எப்படி ஓடுகின்றன, இன்னும் பத்து இருபது ஆண்டில் இரண்டுக்கும் என்ன மதிப்பு இருக்கும் என்பதைப் பார்ப்போம்.

எண்கள் சொல்வது

98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். போர் 50 மிமீ, ஸ்ட்ரோக்கும் 50 மிமீ. 7,500 ஆர்பிஎம்மில் 11 பிஎச்பி. நான்கு கியர். எடை 103 கிலோ. இன்றைய ஸ்ப்ளெண்டர் கிட்டத்தட்ட இதே அளவு இன்ஜினில் சுமார் 8 பிஎச்பி தருகிறது, எடை 112 கிலோ. ஆர்எக்ஸ் 100 ஏன் இப்படிப் பாய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எடை குறைவு, சக்தி அதிகம். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொல்லும் இலக்கணமும் இதுதான்.

முதல் வண்டி: ஸ்டாக்

1990-களின் தொடக்கத்தில் வந்த வண்டி, திருவண்ணாமலைக்குரிய டிஎன் 25 பதிவு. சோக்கை இழுத்து ஒரு மிதி மிதித்ததும் பிடித்துக்கொள்கிறது. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓட்டினேன். 14 கிலோமீட்டர் முழுக்க வெறுங்காலோடு நடக்கிறவர்கள், சாமியார்கள், மாடுகள், நாய்கள். அத்தனை பேருக்கும் வழிவிட்டு இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஊர்ந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கவில்லை. உள்ளே போன பெட்ரோல் கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வின் வேலை அது. மெதுவாகப் போகும்போதும் இழுவை குறையாது.

செங்கம் சாலையில் இடம் கிடைத்ததும் த்ராட்டிலை முறுக்கினால் மூன்றாவது கியரில் எழும் வேகம் இன்றைக்கும் உற்சாகம் தருகிறது. குறைகளையும் சொல்லியாக வேண்டும். 70-க்கு மேல் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரிவதில்லை. முன் டிரம் பிரேக்கை வெகு முன்னதாகவே பிடிக்க வேண்டும். இரவில் ஹெட்லைட் போதாது.

இந்த வண்டியும் ஒரு காலத்தில் மாற்றப்பட்டதுதான். முந்தைய ஓனர் எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரும் பெரிய கார்புரேட்டரும் போட்டுச் சில ஆண்டு ஓட்டியிருக்கிறார். ஆனால் கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை எண்ணெய்த் துணி சுற்றிப் பரணில் வைத்திருந்தார். கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் டப்பா, ஆயில் பம்ப் எல்லாம் ஒரு மரப்பெட்டியில். வண்டியை விற்றபோது பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார். வாங்கியவர் ஒரே நாளில் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இன்று அந்த வண்டியைப் பார்த்து விலை கேட்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த சைலன்சரைத்தான்.

இரண்டாவது வண்டி: எல்லாம் மாற்றியது

ஆர்எக்ஸ் 135-இன் பிளாக், எக்ஸ்பான்ஷன் சேம்பர், பெரிய கார்புரேட்டர், முன் டிஸ்க், அலாய் வீல், க்ரோம் டேங்க், பின்பக்கம் அறுத்துச் சுருக்கிய ஃபிரேம், அதன்மேல் ஒற்றை சீட். போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் இதை ஓட்டியது மறக்க முடியாத அனுபவம். பாதி த்ராட்டில் வரை சோம்பலாக இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சல். வளைவு முடிந்து ஏற்றத்தில் முறுக்கினால் முன்சக்கரம் லேசாகிறது. டிஸ்க் பிரேக் நம்பி ஓட்டும்படி இருக்கிறது. பாதுகாப்பில் ஸ்டாக் வண்டி இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

அதே வண்டி ஊருக்குள் வந்ததும் தடுமாறுகிறது. தேரடி வீதி நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. மெதுவாகவே போய்க்கொண்டிருந்தால் பிளக்கில் கரி பிடித்து வண்டி விக்குகிறது. சத்தம் கோவில் மதிலில் பட்டுத் திரும்புகிறது. வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேகம் போகும் இடத்தில்தான் பலன் தருகிறது.

எந்த மாற்றம் எவ்வளவு கெடுக்கும்?

சேகரிப்பாளர் கண்ணில் மாற்றங்கள் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுபவை. சைலன்சர், கார்புரேட்டர், ஹேண்டில்பார், எல்இடி பல்பு, அலாய் வீல் எல்லாம் இதில் அடங்கும். ஃபோர்க்கோடு மாற்றிய டிஸ்க் பிரேக்கும் இதில்தான் சேரும். ஒரிஜினல் பாகம் கையில் இருக்கும்வரை மதிப்பு குறையாது. அது காயலான் கடைக்குப் போய்விட்டால் கதை வேறு. கம்பெனி முத்திரையோடு உள்ள பழைய சைலன்சரைத் தேடி அலைகிறவர்களைக் கேட்டால் அதன் விலை தெரியும். ஆயில் பம்பும் அப்படித்தான். த்ராட்டிலைத் திறக்கும் அளவுக்கு ஏற்ப 2டி ஆயிலைத் தானே இன்ஜினுக்குள் விடும் அந்தச் சின்னப் பொறியைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிறவர்கள் பலர். பம்பைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்ப மாட்டிவிடலாம்.

இரண்டாம் வகை, செலவு செய்தால் ஓரளவு மீட்கக்கூடியவை. பெயின்ட், க்ரோம், ஸ்டிக்கர், சீட். இதில் ஒரு எச்சரிக்கை. கம்பெனி பெயின்ட் அங்கங்கே கீறலோடு மங்கி இருந்தாலும் அப்படியே விடுவது நல்லது. புது பெயின்ட்டை எந்தப் பட்டறையிலும் அடிக்கலாம். கம்பெனியில் அடித்த பெயின்ட் ஒரு முறை போனால் போனதுதான்.

மூன்றாம் வகை, மீட்க முடியாதவை. இரண்டாவது வண்டியின் மெக்கானிக் பிளாக்கைக் கழற்றிக் காட்டியபோது இது கண்ணெதிரே தெரிந்தது. ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50 மிமீதான். போர் 58 மிமீ, மொத்தம் 132 சிசி. அந்தத் தடித்த ஸ்லீவ் உட்கார வேண்டுமென்றால் ஆர்எக்ஸ் 100 கிராங்க்கேஸின் வாயை லேத்தில் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைந்த இடம் பளபளவென்று மின்னுகிறது, சுற்றிலும் முப்பது ஆண்டுப் பழைய அலுமினியம் கருத்துக் கிடக்கிறது. கடைந்த உலோகம் திரும்பி வராது. இன்ஜின் நம்பர் பொறித்திருப்பதும் அதே கிராங்க்கேஸில்தான் என்பதால், வேறு கேஸ் வாங்கிப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

சீட்டைத் தூக்கினால் அடுத்த காயம். பின்பக்க ஃபிரேம் குழாயை அறுத்து, வளைத்த குழாய் ஒன்றை வெல்டு வைத்திருக்கிறார்கள். வெல்டு மேடு பெயின்ட்டுக்கு அடியிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. டெயில் லைட் மாட்டும் இடமும், பின் மட்கார்டு பொருத்தும் தகடுகளும் போய்விட்டன. தேர்ந்த கைகாரர் திரும்பக் கட்டினாலும் அது கட்டிய ஃபிரேம்தான், கம்பெனி ஃபிரேம் ஆகாது.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

மதிப்பின் பாதி காகிதத்தில் இருக்கிறது. ஆர்.சி.யில் 98 சிசி. வண்டியில் 132 சிசி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டி அங்கேயே நின்றுவிடும்.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு சோதனையும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது 1989 செப்டம்பரில். 1986, 87 மாடல் என்று சொல்லப்படும் வண்டி டிஎன் 25 பதிவோடு நின்றால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டுப் பழைய காகிதங்களைப் பார்த்துவிட வேண்டும். தொடக்க கால வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கோத்துக் கட்டியவை என்பதால் அவற்றுக்குத் தனி மவுசு. அந்தப் பெயரைச் சொல்லி விற்பதும் அதிகம்.

நீண்ட காலக் கணக்குக்கு இன்னொரு விதி முக்கியம். 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம். 1985-ல் பதிவான ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு 2035-ல் அந்த வயது வருகிறது. பரணில் பெட்டி வைத்திருந்தவரின் வண்டி தன் முறை வரும்போது அந்த வாசலில் தைரியமாகப் போய் நிற்கலாம். ஃபிரேம் அறுத்த வண்டிக்கு அந்தக் கதவு இப்போதே சாத்தப்பட்டுவிட்டது.

மாற்றமே மதிப்பாவது எப்போது?

விதிவிலக்கும் இருக்கிறது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் அமீலியா ஐலண்ட் ஏலத்தில், மாற்றம் செய்யாமல் பாதுகாத்த 1994 டொயோட்டா சுப்ரா ஒன்று 1,73,600 டாலருக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து லாஸ் வேகாஸில் இன்னொரு 1994 சுப்ரா 5,50,000 டாலருக்குப் போனது. அது அடையாளமே தெரியாதபடி மாற்றிய கார். ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் முதல் படத்தில் பால் வாக்கர் ஓட்டியது. அந்த விலை பெரிய இறக்கைக்கோ ஆரஞ்சு பெயின்ட்டுக்கோ வந்ததல்ல. யார், எதற்காக, எப்போது மாற்றினார்கள் என்ற கதை ஆதாரத்தோடு இருந்தது.

நமக்கும் அது பொருந்தும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்திலும், 1990-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் ஓடிய வண்டிகள் உண்டு. அந்தக் காலத்திலேயே ரேஸுக்காகப் போர்ட்டிங் செய்த (உள்வாய்களைச் செதுக்கிப் பெரிதாக்கிய) இன்ஜின், ரேஸ் பதிவுச் சீட்டு, படம் என்று சான்று இருந்தால் அந்த மாற்றத்தைத் தொடக் கூடாது. அதை ஸ்டாக்குக்குத் திருப்புவதே மதிப்பைக் கெடுக்கும். சான்று இல்லாத மாற்றம் ஓனரின் விருப்பம் மட்டுமே. அடுத்து வாங்குகிறவர் அந்த விருப்பத்துக்குப் பணம் தரமாட்டார்.

தீர்ப்பு

ஓட்டும் இன்பம்: மலைப்பாதையில் மாற்றிய வண்டி, ஊருக்குள்ளும் அன்றாடத்துக்கும் ஸ்டாக்.

பாதுகாப்பு: டிஸ்க் பிரேக் வைத்த வண்டி, சந்தேகமே இல்லை.

சேகரிப்பு மதிப்பு: ஸ்டாக் வண்டி, வெகு தூரம் முன்னால்.

உலகளவில் பழைய வாகனச் சங்கங்களை இணைக்கும் ஃபீவா அமைப்பு, முப்பது வயது கடந்து சரியான வடிவில் பாதுகாத்த வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. 1996-ல் வந்த கடைசி ஆர்எக்ஸ் 100-க்கும் 2026-ல் அந்த வயது. ஆக, இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பொருள் ஒன்றின்மேல் செய்யும் மாற்றம்தான்.

அதற்காக வண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. நல்ல டயர் போடுங்கள், வெளிச்சமான பல்பு போடுங்கள். கார்புரேட்டர் மாற்றிப் பார்க்க ஆசையென்றால் மாற்றிப் பாருங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி ஒட்டி, தேதியும் பில்லும் சேர்த்து ஒரு பெட்டியில் வையுங்கள். லேத்துக்கும் கட்டிங் மெஷினுக்கும் மட்டும் வண்டியைக் காட்டாதீர்கள். 132 சிசி வேண்டுமென்றால் ஆர்எக்ஸ் 135 என்றே ஒரு வண்டி இருக்கிறது, அதை வாங்குங்கள். ஆர்எக்ஸ் 100 இனி புதிதாக ஒன்றுகூட வரப்போவதில்லை. இருப்பதில் ஒன்றை அறுத்தால் ஒன்று குறையும்.