1976 என்னும் சாக்கு

கொல்கத்தா ஆகாசவாணி புதிதாக எதையும் செய்வதில்லை என்று யாராவது குறைபட்டால், அதன் அன்பர்கள் உடனே 1976-ஐ எடுத்து நீட்டுவார்கள். அந்த ஆண்டு மகாளய அமாவாசை விடியலில், பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலில் வழக்கமாக வரும் ‘மகிஷாசுரமர்த்தினி’ என்ற தேவி துதி நிகழ்ச்சியை எடுத்துவிட்டு, உத்தம் குமாரைப் பேசவைத்து, ஹேமந்த முகர்ஜியின் இசையில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். நகரம் கொதித்தது. துர்கா பூஜையின் சஷ்டியன்று பழைய நிகழ்ச்சியையே மறுபடி போட வேண்டியதாயிற்று. ஆகவே நேயர்கள் மாற்றத்தை விரும்பமாட்டார்கள், இருப்பதைக் காப்பதே வானொலியின் வேலை என்கிறது வாதம். மகாளயம் வரும்போதெல்லாம் பத்திரிகைகளும் இதையே பாராட்டுரையாக எழுதித் தீர்க்கின்றன.

நிலையத்தின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. 1927 ஆகஸ்ட் 26 அன்று ஒலிக்கத் தொடங்கியது அது. 1971 போரின்போது தேவ்துலால் பந்தோபாத்யாய் செய்தி வாசித்த குரலுக்காக எல்லைக்கு அப்பாலும் காத்திருந்தார்கள். மறு ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. வெள்ளிக்கிழமை இரவு நாடகத்துக்காக வீடே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்ததும் உண்மைதான். இவையெல்லாம் சரி. ஆனால் 1976-ஐ இவர்கள் படித்த விதம் சரியில்லை.

மக்கள் எதைக் காப்பாற்றச் சொல்லிக் கொதித்தார்கள்? கார்ஸ்டின் பிளேஸில் பழைய கட்டடத்தில் இயங்கிய காலத்தில், 1930-களின் தொடக்கத்தில் பாணி குமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, பத்ரா ஓத உருவானது இந்த நிகழ்ச்சி. முதல் சில ஆண்டுகளில் அதன் பெயரும் மாறியது, ஒலிபரப்பிய நாளும் மாறியது, பாடல்களும் மாறின. அந்தணரல்லாத பத்ரா தேவி துதியான சண்டியை ஓதலாமா என்று எதிர்ப்பு வந்தபோது பாணி குமார் விட்டுக்கொடுக்கவில்லை. வாத்தியக்காரர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1960-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் நேரடியாகவே, விடியுமுன் கலைஞர்கள் நிலையத்துக்கு வந்து கூடி நடத்திய நிகழ்ச்சி அது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். இன்று நாம் கேட்பது அந்த வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுபோனபோது எடுத்த ஒலிப்பதிவு. மரபு என்று இவர்கள் கைகூப்புவது, தன் காலத்தில் துணிச்சலான புதுமையாக இருந்த ஒன்றை.

1976-இல் நடந்தது வேறு. 1929 முதல் ஞாயிறுதோறும் நேயர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவந்த பங்கஜ் மல்லிக்கின் ‘சங்கீத சிக்ஷார் ஆசர்’ அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலைக் காலம். நாற்பதாண்டுக்கு மேல் ஒன்றை வளர்த்த கைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு திரை நட்சத்திரத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நேயர்கள் அந்த அவமரியாதையைத்தான் எதிர்த்தார்கள். அதை ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்று கணக்கெழுதிக்கொண்டது நிர்வாகத்துக்கு வசதியாகப் போயிற்று. அன்றுமுதல் ஒலிநாடாவை ஓட்டுவதே பண்பாட்டுப் பணி ஆகிவிட்டது.

என் நெடுநாள் குற்றச்சாட்டு இதுதான்: 1950-களிலிருந்து இந்த நிலையத்தின் முகத்தை மாற்றிய பெரிய முடிவுகள் டெல்லியில் எடுக்கப்பட்டவை, கலையகத்தில் பிறந்தவை அரிது. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை விரட்டினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள், தமிழ்நாட்டில் நடந்ததைப் போலவே. 1957-இல் விவித் பாரதி வந்தது, 1967-இல் அதில் விளம்பரம் வந்தது, எல்லாம் மேலிருந்துதான். மேலிருந்து வந்த உத்தரவையும் கலைஞர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று அதே கொல்கத்தாவில் இருக்கிறது. ஞானபிரகாஷ் கோஷ் போன்றவர்கள் ‘ரம்யகீதி’ என்று வானொலிக்கென்றே புதிய மெல்லிசையை உண்டாக்கினார்கள். சென்னை நிலையத்தின் மெல்லிசைப் பாடல்களும் அப்படிப் பிறந்தவையே. தடையைக்கூடப் பாட்டாக்கத் தெரிந்த நிலையம் அது.

பிறகு? ‘கொல்கத்தா க’, ‘கொல்கத்தா க்ஹ’ என்றிருந்தவை கீதாஞ்சலி, சஞ்சயிதா ஆயின. தாகூரின் இரண்டு நூல்களைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டால் நிகழ்ச்சி புதிதாகிவிடுமா? 2016 ஆகஸ்டில் ‘ஆகாசவாணி மைத்ரீ’யைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். சின்சுராவில் ஆயிரம் கிலோவாட் டிஜிட்டல் ஒலிபரப்பி. வங்கதேசம் முழுக்க எட்டும் வலிமை. டிஜிட்டல் வடிவில் அதைக் கேட்கும் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒலிபரப்பியின் வலிமையைச் சொன்ன அறிவிப்புகளில் அதற்கென்று எழுதப்பட்ட ஒரு நாடகத்தின் பெயரும் இல்லை.

இப்போதெல்லாம் நேயர்களுக்குப் பொறுமையில்லை, நாடகம் யார் கேட்பார்கள் என்று ஆகாசவாணித் தரப்பில் சொல்வார்கள். 2009-இல் ரேடியோ மிர்ச்சி ‘சண்டே சஸ்பென்ஸ்’ தொடங்கியது. வங்காளத் துப்பறியும் கதைகளையும் பேய்க்கதைகளையும் நாடகமாக்கி வாரந்தோறும் நீளமாக ஒலிபரப்பினார்கள்; இளைஞர்கள் தேடித்தேடிக் கேட்டார்கள். பண்பலை என்பதாலா? இல்லை, அதை ஒருவர் உட்கார்ந்து தயாரித்தார் என்பதால். வெள்ளிக்கிழமை நாடகத்தின் வாரிசு, அந்த நாடகத்தைப் பெற்ற வீட்டில் வளராமல் தனியார் வீட்டில் வளர்ந்தது. மத்திய அலை அழிகிறது என்று தொழில்நுட்பத்தைப் பழிப்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மகாளய விடியலில் பத்ராவின் குரல் ஒலிக்கட்டும். அதை எடுக்கச் சொல்லவில்லை. வருடத்தில் மீதி 364 விடியல்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றையாவது இன்றைய எழுத்தாளர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், ஓதுபவர் ஒருவர் கையில் கொடுத்து, பத்தாண்டு தவறு செய்ய அனுமதித்துப் பார்க்கட்டும். பாணி குமாருக்குக் கிடைத்தது அந்த அனுமதிதான். அதைத் தர மனமில்லாத நிர்வாகம் அவர் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் பெருமைப்படுவது வெறும் உரிமை கொண்டாடல். அதற்குப் பாராட்டுரை எழுதுவதையாவது நாம் நிறுத்தலாம்.