நுண்துளைச் சிலிக்கா: ஏற்றியாயிற்று, போய்ச் சேருமா?

1992இல் எம்.சி.எம்-41 என்ற நுண்துளைச் சிலிக்காவை அறிவித்த மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்களின் மனத்தில் மருந்து இல்லை. பெட்ரோலிய மூலக்கூறுகளைக் கையாளும் வினையூக்கியே அவர்கள் தேடியது. சோப்பு போன்ற பரப்புச்செயலி மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரளும்; அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படியும். பிறகு பரப்புச்செயலியை எரித்தோ கழுவியோ நீக்கினால் தேனடை போல ஒழுங்கான துளைகள் மிஞ்சும். ஒரு கிராம் தூளின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். இவ்வளவு இடம் சும்மா கிடக்குமா? 2001இல் மாட்ரிட்டில் மரியா வாலே-ரெஹியின் குழு அதில் இபுப்ரோஃபன் என்ற வலிநிவாரணியை ஏற்றிக் காட்டியது.

அடுத்து வந்தது கதவு வைக்கும் காலம். அமிலம் பட்டால் திறப்பது, ஒளி பட்டால் திறப்பது, நொதி வெட்டினால் திறப்பது என்று வகைவகையான மூடிகள். 2003இல் விக்டர் லின் குழு துளை வாயை அடைக்கக் காட்மியம் சல்பைடு துணுக்குகளைப் பயன்படுத்தியது. மருந்துப் பெட்டிக்கு நஞ்சில் மூடி! கொள்கையை நிறுவ அது போதும் என்பது உண்மைதான். ஆனால் இத்துறையின் மோகம் கதவின்மேல்தான் என்பதையும் அந்த மூடியே காட்டிவிடுகிறது.

மருந்தை ஏற்றுவது என்றுமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. போய்ச் சேர்வதுதான் சிக்கல். இரத்தத்தில் செலுத்திய நுண்துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் வடித்துப் பிடித்துவிடுகின்றன. பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி, டொராண்டோவின் வாரன் சான் குழு 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்தியதில் புற்றுக்கட்டியை அடைந்த பங்கின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு. அது எல்லா வகை நுண்துகள்களுக்குமான கணக்கு; சிலிக்காவுக்கு மட்டும் விலக்கு கிடைக்க வழியில்லை. கதவு எவ்வளவு நேர்த்தியாகத் திறந்தாலும், திறக்கும் இடம் பெரும்பாலும் கல்லீரல்தான்.

நச்சுத்தன்மை பற்றிய அச்சத்தில் பாதி தேவையற்றது. சிலிக்கா என்றதும் கல்லுடைப்போரின் நுரையீரல் நோய் நினைவுக்கு வரும். அது படிகச் சிலிக்காவின் வேலை. இங்கே உள்ளது படிகமற்றது. மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறக்கூடியது. மேற்பரப்பில் உள்ள சிலனால் எனும் வேதித் தொகுதிகள் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது மெய். ஆயினும் அதே அளவுள்ள துளையற்ற துகளைவிடத் துளையுள்ளது குறைவாகவே உடைப்பதாகச் சோதனைகள் காட்டின. கவலைப்பட வேண்டியது வேறொன்று: சரியாகக் கழுவப்படாமல் துளைக்குள் தங்கிவிடும் பரப்புச்செயலி. அது செல்லுக்கு நஞ்சு.

மனிதர்வரை வந்தவை எவை என்று பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சி-டாட் என்ற சிலிக்காத் துகளுக்கு 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மனித ஆய்வு அனுமதி தந்தது. ஏழு நானோமீட்டர் அளவே இருப்பதால் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். அந்த முதல் ஆய்வில் அது மருந்து சுமக்கவில்லை. புற்றைப் படம்பிடிக்கவே உதவியது. இன்னொரு வெற்றி வாய்வழி மருந்தில். நீரில் எளிதில் கரையாத ஃபெனோஃபைப்ரேட் என்ற மருந்தை ஒழுங்கான துளைச் சிலிக்காவில் ஏற்றித் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது, உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சியது. குறுகிய துளைக்குள் மருந்து படிகமாக முடியாமல் தவிப்பதுதான் அதன் இரகசியம். கதவும் இல்லை, குறிதேடும் கருவியும் இல்லை.

அடுக்கடுக்காய்ப் பூச்சும் மூடியும் சேர்க்கச் சேர்க்க, ஒரு தயாரிப்புத் தொகுதியில் வந்த துகள் அடுத்த தொகுதியிலும் அப்படியே வருவது அரிதாகிறது. மருந்து நிறுவனம் முதலில் கேட்பதே அதைத்தான். என்னைக் கேட்டால், புதிய கதவுகளுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது, ஏற்கெனவே கையில் உள்ள எளிய துகள் கல்லீரலில் எத்தனை நாள் தங்குகிறது, மீண்டும் மீண்டும் செலுத்தினால் என்ன ஆகிறது என்று அளப்பதற்குத் திருப்பலாம். ஆய்விதழ்களில் அதற்குக் கவர்ச்சி குறைவு என்பதுதான் தடை.